நன்னாவின் கரி மீசை

உமர் பாருக்கும் அவருடைய மருமகள் ரஃபியாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

சண்டை என்று சொல்ல முடியாது. பேச்சு நடக்கத்தான் செய்தது. ஆனால் சுவர் வழியாகவோ, அவரை நன்னா என்று கூப்பிடும் பேத்தி நிலோபர் வழியாகவோ நடந்தது. ரஃபியா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். அவரோ, "நிலோபரு, மழை தூறுது, துணி நனையுதுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லும்மா" என்பார். நாலு வயது நிலோபரும் பொறுப்பாகத் திரும்பி, "அம்மா, துணி மழை தூறுது" என்று சொல்லிவிட்டு ஓடுவாள்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரஃபியா மருந்துக்கடை திறந்த நாளில் தொடங்கிய கதை இது. ஃபார்மசி படித்துவிட்டு எத்தனை நாள் வீட்டிலேயே இருப்பது என்று அவள் கேட்டாள். ஏலக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருக்கிறவன் வீட்டு மருமகள் கவுண்டரில் நின்று மாத்திரை கிழித்துக் கொடுப்பதா என்று அவர் கேட்டார். அவள் கடையைத் திறந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். தலைவலித் தைலம் வேண்டுமென்றாலும் பஸ் ஏறிக் கம்பம் போய் வாங்கி வந்தார்.

இன்று அந்த வீட்டுக் கல்யாணம். உமர் பாருக்கின் கடைக்குட்டி மகள் ஷர்மினுக்கு மண்டபத்தில் நிக்காஹ். வாசலில் வாழைமரம், தெருவை அடைத்துப் பந்தல், கொல்லையில் பிரியாணிச் சட்டிகள் ஏறுகிற சத்தம். மாப்பிள்ளையை அழைத்துவரும் காருக்கு டிரைவர் தவசி மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டிருந்தான்.

ரஃபியாவின் கணவன் அப்சல் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குள் வந்தான்.

"ஏ ரஃபியா, நேத்து ராத்திரி சாப்பாடு அப்படியே நிக்குது. வயிறு தவில் மாதிரி இருக்கு."

"மூணு தடவ குருமா ஊத்திக்கிட்டா நிக்காம என்ன செய்யும்?"

"தங்கச்சி கல்யாணத்துல திங்காம எப்பத் திங்கிறது? இங்க பாரு, இத ஆன்லைன்ல வாங்கி வச்சிருக்கேன்." அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். உள்ளே கன்னங்கரேலென்று கேப்சூல்கள். "கரி மாத்திரை. ஒடம்புல உள்ள அழுக்கெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிருமாம். தெனமும் போடலாம்னு வீடியோவுல சொன்னாக."

ரஃபியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு டப்பாவை வாங்கிப் பார்த்தாள்.

"வீடியோவுல எல்லாத்தையும்தான் சொல்லுவாக. இது ஆக்டிவேட்டட் சார்க்கோல். வாயுத் தொந்தரவு சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. இன்னைக்கு ஒரு வேளைக்குப் போடுங்க, நெறையத் தண்ணி குடிங்க. தெனமும் போட்டா மலச்சிக்கல்தான் மிச்சம். வயித்துவலி, காச்சல்னு வந்தா இத நம்பி ஒக்காந்திருக்கக் கூடாது, டாக்டரப் பாக்கணும்."

"சரி சரி."

"இன்னும் முடிக்கல. இதோட வேற எந்த மாத்திரையும் சேத்துப் போடக் கூடாது. கரிக்கு நல்லது கெட்டது தெரியாதுங்க. வயித்துல என்ன மருந்து கெடந்தாலும் இழுத்துப் பிடிச்சுக்கிடும். போட்ட மருந்து ஒடம்புல சேராமலே வெளிய போயிரும். ரெண்டு மணி நேரமாவது தள்ளித்தான் போடணும்."

பக்கத்து அறையில் செய்தித்தாள் சலசலத்தது. உமர் பாருக் அங்கே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் ரஃபியாவுக்குத் தெரிந்தது.

"அப்சலு," என்றார் அவர் சுவரைப் பார்த்து, "எனக்கும் வயிறு கல்லு மாதிரிதான் இருக்கு. அதுல ஒண்ணு குடு."

அப்சல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தான். செய்தித்தாள் மறுபடியும் விரிந்தது. ரஃபியா பிரியாணிக்குப் புதினா ஆய உட்கார்ந்தாள்.

---

ஷர்மினுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். பின்னல் முடிவதற்குள் அவள் மூன்று தரம் அழுது, நாலு தரம் சிரித்திருந்தாள். ரஃபியாவின் மாமியார் லத்திபா, "கண்ணு மை கரையுது, கொஞ்சம் பொறுத்து அழு ஆத்தா" என்று மகளைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்போது நிலோபர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து ரஃபியாவின் மடியில் விழுந்தாள்.

"அம்மா, நன்னா மிட்டாய் நல்லாவே இல்ல. கசக்குது."

"எந்த மிட்டாய்?"

"டப்பா மிட்டாய்."

குழந்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். உமர் பாருக் அறையின் ஜன்னல் திண்டில் பெப்பர்மின்ட் டப்பா ஒன்று மூடி திறந்து கிடந்தது. உள்ளே மிட்டாய் இல்லை. சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். கொஞ்சம்தான் மிச்சம் இருந்தன. கட்டிலுக்கு அடியில் பாதி கடித்துத் துப்பிய ஒன்று கிடந்தது.

ரஃபியா குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எத்தனடி முழுங்குன?"

நிலோபர் யோசித்தாள். "நெறைய" என்றாள் பெருமையாக.

ரஃபியா மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. அட்டையோடு இருந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அட்டையை உரித்துப் போட்ட பிறகு இது எதுவாகவும் இருக்கலாம். சும்மா சத்து மாத்திரையாக இருக்கலாம். குழந்தையின் இதயத்தை நிறுத்துகிற மாத்திரையாகவும் இருக்கலாம்.

அதற்குள் வீடு கூடிவிட்டது.

லத்திபா ஒரு சொம்பு உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். "குடிக்க வையி, குபுக்குனு வாந்தி எடுத்துரும்!"

"வேணாம் மாமி! வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்பும் புள்ளைக்கு ஆகாது."

பிரியாணி அடுப்புப் பக்கம் நின்ற ஒருத்தி கையில் ஒரு கரித்துண்டோடு வந்தாள். "கரிதான் வெசத்த எடுக்கும்னு இப்பத்தான பேசிக்கிட்டீக. இத இடிச்சுக் கலக்கிக் குடுங்க."

"அடுப்புக்கரி வேற, அந்தக் கரி வேறக்கா. இதுக்கு அந்தச் சக்தி கெடையாது."

"அப்ப என் டப்பாவுல இருக்கிறது அதேதான?" என்று அப்சல் கேட்டான். அவன் ஏற்கனவே இரண்டு கேப்சூல்களைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டிவிட்டிருந்தான். விரலெல்லாம் கறுப்பு. "ஒனக்குத்தான் தெரியுமே ரஃபியா. நீயே குடுத்துரு."

ரஃபியா அந்தக் குவளையைப் பார்த்தாள். அவளுக்கும் கை நீளத்தான் செய்தது. தெரிந்த மருந்து, கண் முன்னால் இருக்கிறது. ஒரு மடக்கு கொடுத்துவிட்டால் என்ன என்று மனசு அடித்துக்கொண்டது.

கையை இழுத்துக்கொண்டாள்.

"முழுங்குனது என்னன்னே நமக்குத் தெரியலங்க. எல்லா வெசத்துக்கும் கரி கேக்காது. ஆசிட்டு, மண்ணெண்ணெய்க்கெல்லாம் குடுத்தா கேடு. கேப்சூல்ல இருக்கிறது ஒரு சிட்டிகை, அது காணாது. குடுக்கையில புள்ளைக்கு மயக்கம் வந்து பொரை ஏறுனா நுரையீரலுக்குள்ள போயிரும். அதுக்கு டாக்டரு பக்கத்துல இருக்கணும். வண்டிய எடுக்கச் சொல்லுங்க. மாமா எங்க?"

"மண்டபத்துக்குப் போயிட்டாக, நிக்காஹ் ஓதி வைக்கிற ஹஜரத்த வரவேற்க."

"போன் போட்டு வரச் சொல்லுங்க. டப்பாவுல இருந்தது என்ன மாத்திரைன்னு அவுகளுக்கு மட்டும்தான் தெரியும்."

டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, குழந்தையை அள்ளிக்கொண்டு அவள் வெளியே ஓடினாள். வாசலில் நின்றது மாப்பிள்ளைக் கார் ஒன்றுதான். தவசி கேள்வி கேட்கவில்லை. கையிலிருந்த மல்லிகைச் சரத்தை அப்படியே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பூச்சரம் காற்றில் பறக்க அந்தக் கார் கடைவீதியில் பறந்தது. கல்யாண வண்டி என்று நினைத்துத் தெரு ஓரத்தில் நின்றவர்கள் சிரித்துக் கையாட்டினார்கள். நிலோபரும் ஜன்னல் வழியாக ராணி மாதிரி கையாட்டிக்கொண்டே வந்தாள். அவள் கண் சொருகுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று ரஃபியா அந்தச் சின்ன முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

---

ஆஸ்பத்திரியில் அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் மகிமா சின்னப் பெண்ணாகத்தான் இருந்தார். ஆனால் குரலில் பதற்றமே இல்லை. குழந்தையைப் படுக்கவைத்து, நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டச் சொல்லிவிட்டு ரஃபியாவிடம் திரும்பினார்.

"வாந்தி எடுக்க வச்சீங்களா? ஏதாவது குடிக்கக் கொடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்."

"ரொம்ப நல்லது. இப்ப என்ன மாத்திரைன்னு தெரிஞ்சாகணும். அதை வச்சுத்தான் அடுத்த வேலை."

ரஃபியா டப்பாவை நீட்டினாள். டாக்டரும் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு பைக் கிரீச்சிட்டு நின்றது. அப்சல் ஓட்ட, பின்னால் உமர் பாருக். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தலையில் புதுத் தொப்பி, தோளில் பட்டுச் சால்வை. மகளைக் கட்டிக்கொடுக்கப் புறப்பட்ட கோலம். அவர் சால்வையை வழியிலேயே இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். கையில் வீட்டில் தேடி எடுத்த கசங்கிய மாத்திரை அட்டை.

"பிரஷர் மாத்திரைங்கம்மா," என்றார் டாக்டரிடம் மூச்சிரைக்க. "அட்டைய உரிச்சு ஒரு வாரத்துக்கு உள்ளத டப்பாவுல போட்டு வச்சுக்கிடுவேன்."

டாக்டர் அட்டையைப் படித்தார். "எப்ப சாப்பிட்டிருப்பா?"

"இப்பத்தான். நான் மண்டபத்துக்குக் கெளம்புறதுக்குக் கொஞ்சம் முன்ன வரைக்கும் டப்பா மூடித்தான் இருந்துச்சு. ஒண்ண எடுத்துப் போடலாம்னு தொறந்தேன். போடல. மூடுறதுக்குள்ள ஹஜரத் வந்துட்டாகன்னு கூப்பிட்டாக, ஓடிட்டேன்."

"வேளைக்குப் போடுற மாத்திரைய ஏன் போடல?" என்று அப்சல் கோபமாகக் கேட்டான்.

உமர் பாருக் தலை குனிந்தார். இந்தத் தடவை சுவரைப் பார்த்துப் பேசவில்லை. ரஃபியாவைப் பார்த்துப் பேசினார்.

"கரி மாத்திரை போட்டா மத்தத ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் போடணும்னு நீ சொன்னியேம்மா. அதான் தள்ளி வச்சேன். உன் சொல்லக் கேட்டேன். மூடி வைக்கத்தான் மறந்துட்டேன்."

ரஃபியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். தன் கடைப் பக்கமே திரும்பாத மனிதர், செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறார். "சரி மாமா, இருங்க" என்று மட்டும் சொன்னாள். இரண்டு வருஷத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

டாக்டர் அதற்குள் யாருக்கோ போன் செய்து பேசி முடித்திருந்தார்.

"விஷமுறிவு ஆலோசனை மையத்துல பேசிட்டேன். இது சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்தான மாத்திரைதான். ஆனா உடனே கொண்டு வந்திருக்கீங்க, குழந்தை நல்லா முழிச்சிருக்கா, தானா விழுங்குறா. அதனால கரி கொடுக்கலாம். மருந்து ரத்தத்துல சேர்றதுக்கு முன்னாடி வயித்துலயே பிடிச்சு நிறுத்திடும். அப்புறமும் ராத்திரி வரைக்கும் என் கண் பார்வையிலதான் இருக்கணும். பிரஷர் இறங்குற மாதிரி தெரிஞ்சா தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்கும்."

எடைக்குத் தகுந்த அளவு பார்த்து நர்ஸ் கரிப்பொடியைக் கலக்கிக் கொண்டு வந்தார். டம்ளர் நிறையக் கறுப்புக் குழம்பு.

நிலோபர் எட்டிப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது ரோட்டுல ஊத்துறது! நான் குடிக்க மாட்டேன்."

அப்சல் கெஞ்சினான். ரஃபியா மிரட்டினாள். பொம்மை வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். பிடித்து ஊற்றலாம் என்று அப்சல் கையைத் தூக்க, டாக்டர் தடுத்தார். "அழுதுக்கிட்டே குடிச்சா புரை ஏறிடும். அவளா குடிக்கணும்."

நிமிஷங்கள் போய்க்கொண்டிருந்தன. டம்ளர் அப்படியே இருந்தது.

அப்போது உமர் பாருக் முன்னால் வந்தார். வெள்ளைத் தாடியை நீளமாக வளர்த்து, மீசையை மட்டும் மழித்த முகம் அவருக்கு. அவர் எதிரே சிரிக்கவே ஊர் பயப்படும். அந்த மனிதர் டம்ளருக்குள் விரலை விட்டார். எடுத்த கரியை மூக்குக்குக் கீழே இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரை இழுத்தார். நுனிகளை மேலே சுருட்டியும் விட்டார்.

வார்டே திரும்பிப் பார்த்தது.

"நன்னாவுக்கு மீசை எப்படி?" என்றார் புருவத்தை ஏற்றி இறக்கி.

நிலோபரின் கைகள் வாயை விட்டு இறங்கின. கண் அகல அவரைப் பார்த்தாள். பிறகு கட்டில் அதிரச் சிரித்தாள்.

"எனக்கு! எனக்கும் மீசை!"

"இத உறிஞ்சிக் குடிச்சாத்தான் மீசை வரும். நான் ஒரு மடக்கு, நீ ஒரு மடக்கு."

டாக்டர் ஸ்ட்ரா ஒன்றை எடுத்து டம்ளரில் போட்டார். "பெரியவரே, நீங்க குடிக்கிற மாதிரி நடிச்சாப் போதும். அளவு குறைஞ்சிடும்."

உமர் பாருக் காற்றை உறிஞ்சினார். நிலோபர் கரியை உறிஞ்சினாள். அவர் "ஆஹா" என்றார். அவள் முகத்தைச் சுளித்துவிட்டு அவளும் "ஆஹா" என்றாள். இப்படியே மாறி மாறி டம்ளர் காலியானது. கடைசியில் பல், உதடு, மூக்கு நுனி எல்லாம் கறுத்துப்போய், "மீசை வந்துருச்சா?" என்று குழந்தை கேட்டபோது, ரஃபியா அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் தடவையாக அழுதாள்.

---

மண்டபத்திலிருந்து போன் மேல் போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்களாம். உமர் பாருக் அசையவில்லை.

"நிக்காஹ தள்ளிப் போடுவோம். இவள இங்கன விட்டுட்டு என்னால வர முடியாது."

டாக்டர் வந்து மறுபடியும் பிரஷர் பார்த்தார். "இறங்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரஃபியா எழுந்து நின்றாள்.

"மாமா, நீங்க போங்க. பொண்ணக் கட்டிக்குடுக்க அத்தா இல்லாம எப்படி? அங்க ஒருத்தி அழுது அழுது மைய எல்லாம் கரைச்சிருப்பா. ஏங்க, நீங்களும் போங்க. இங்கன நான் பாத்துக்கிடுறேன். ஒண்ணுன்னா உடனே கூப்பிடுறேன்."

"நீ ஒத்தையிலயா?"

"கடையில நான் ஒத்தையிலதான நிக்கிறேன்?"

உமர் பாருக் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அதுவும் வாஸ்தவம்தான்" என்றார்.

ஆஸ்பத்திரிக் குழாயில் மூன்று தடவை முகம் கழுவினார். கரி அவ்வளவு சுலபமாகப் போகிற சரக்கா? மீசை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு நின்றுவிட்டது. அந்தக் கோட்டோடுதான் அவர் ஹஜரத்துக்கு எதிரே உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொடுத்தார். அப்சல் வீடியோ காலில் காட்டினான். சம்பந்தி அவர் மேலுதட்டைப் பார்ப்பதும், கேட்கலாமா வேண்டாமா என்று விழிப்பதும் ரஃபியாவுக்கு நன்றாகத் தெரிந்தது. மாப்பிள்ளை சம்மதமாக "கபூல்" என்றதும் கட்டிலில் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த நிலோபர் கறுப்புப் பல் தெரியக் கை தட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் தட்டினார்கள்.

பிற்பகல் மெதுவாகத்தான் நகர்ந்தது. நர்ஸ் வரும்போதெல்லாம் ரஃபியா எழுந்துபோய்ப் பிரஷர் எண்ணைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எண் நன்றாகவே இருந்தது. சாயங்காலம் போல நிலோபர் பாத்ரூமிலிருந்து வார்டு முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, கறுப்பு! கறுப்பா வருது!" என்று அறிவித்தாள்.

டாக்டர் மகிமா சிரித்துவிட்டார். "பயப்படாதீங்க. கரி வேலையை முடிச்சிட்டுப் போகுது. ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும். நல்லாத் தண்ணி கொடுங்க. ராத்திரி ஒரு தடவை பார்த்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

அந்தச் சொல் ரஃபியாவின் காதில் விழுந்து முடிவதற்குள் வாசல் பக்கம் ஒரே சலசலப்பு. சிவப்புப் பட்டும் கழுத்தில் புதுக் கருகமணியுமாக ஷர்மின் வந்தாள். கூடவே புது மாப்பிள்ளை அல்தாப், பிரியாணித் தூக்கை அவனே சுமந்துகொண்டு வந்தான். பின்னால் லத்திபா, அப்சல், கடைசியில் உமர் பாருக்.

ஷர்மின் நேராகக் கட்டிலுக்குப் போனாள். நிலோபர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் பச்சென்று ஒரு முத்தம் வைத்தாள். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் கரிப்பூ பூத்தது.

"ஐயய்யோ, போட்டோ இன்னும் முடியலையே!" என்று லத்திபா முந்தானையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"தொடாதீங்கம்மா, இதோடயே எடுக்கட்டும்," என்றாள் ஷர்மின். "அத்தாவுக்கு மீசை, எனக்குத் திருஷ்டிப் பொட்டு."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. ரஃபியாவின் மடியில் தட்டை வைத்து லத்திபா தன் கையாலேயே பிரியாணி பரிமாறினார். பசி எவ்வளவு என்று முதல் வாய் வைத்த பிறகுதான் ரஃபியாவுக்குத் தெரிந்தது. உமர் பாருக் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ரஃபியா, என் மாத்திரை தீந்துபோச்சும்மா. நாளைக்கு ஒன் கடைக்கு வாரேன். புள்ளைக தொறக்க முடியாத டப்பா இருந்தா அதுலயும் ஒண்ணு எடுத்து வையி."

"கடைக்கு எதுக்கு மாமா வாறீக? நானே வீட்டுக்குக் கொண்டாந்து தாரேன்."

"இல்லம்மா. நான் வாரேன். கடைவீதி வழியா நடந்தே வாரேன்."

கல்யாணத்திலிருந்து கூடவே வந்த போட்டோக்காரன் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கச் சொன்னான். உமர் பாருக் மருமகன் தோளில் கை போட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம், "மாப்பிள்ளை தேனியில பேங்க்ல இருக்காக, ஆபீசர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அல்தாப் சிரிக்க முயன்றான். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

ஷர்மின் ரஃபியாவின் காதருகே சாய்ந்தாள். முகத்தில் போட்டோவுக்கான சிரிப்பு அப்படியே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"மதினி, இவுக பேங்க் வேலைய விட்டுட்டாக. போன மாசமே. வருசநாட்டு மலையில தோட்டம் போடப் போறோம். அத்தாவுக்கு இன்னும் தெரியாது."

"ஏ, என்னடி சொல்ற?"

"இப்பத்தான் ஒங்ககிட்ட அத்தா நேராப் பேசுறாகல்ல? நீங்கதான் சொல்லணும்."

"எல்லாரும் இங்கன பாருங்க, நல்லாச் சிரிங்க" என்றான் போட்டோக்காரன்.